கூடி எடுக்கும் முடிவு: புற்றுநோய்ச் சிகிச்சையும் வல்வெட்டித்துறை நோயாளியும்

வாய்க்குள் மூன்று வாரமாக ஆறாத ஒரு புண். வல்வெட்டித்துறையில் ஒருவருக்கு அது வந்தால், ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கோ தெரிந்த ஒரு டொக்டரிடமோதான் முதலில் போவார். அங்கிருந்து மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை. அடுத்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. புற்றுநோய் என்று உறுதியானால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. சிலருக்கு 400 கிலோமீற்றருக்கு அப்பால் மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலை. இந்த வழியில் பல் வைத்தியர், வாய்முக சத்திரசிகிச்சை நிபுணர், ஸ்கான் படத்தை வாசிக்கும் கதிரியக்க நிபுணர், திசுத்துண்டை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் நோயியல் நிபுணர், புற்றுநோய் வைத்திய நிபுணர், தாதியர் எனப் பலர் அவரைப் பற்றி ஏதோ ஒன்றை அறிந்துகொள்கிறார்கள். முதலில் வெட்டுவதா, கதிர்வீச்சா, மருந்தா, அல்லது வலியைத் தணித்து வீட்டில் வைத்துப் பார்ப்பதா என்பதை இவர்களில் யார் தீர்மானிப்பது?

இந்தக் கேள்வி பழையது. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர் என நான்காகப் பகுத்து முடிகிறது. அங்கே தீர்ப்பவர் ஒருவரே. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் அந்த ஒருவரைப் பலராக்கி, அவர்களை ஒரே மேசையில் கூட்டியது. பல்துறைக் கூட்டம் என்றும், மருத்துவர்களின் பேச்சில் டியூமர் போர்ட் என்றும் அதற்குப் பெயர். இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுந்த நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்பதை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. கூடிப் பேசுவது நல்லதா என்பதற்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. நோயாளியின் வாழ்க்கையை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுவருபவர் யார், அங்கே எடுத்த முடிவை அவரிடம் கொண்டுபோய்ப் பொறுப்பேற்பவர் யார் என்பவை இன்னும் விடை தேடி நிற்கின்றன.

ஒற்றை நிபுணரின் காலம்

அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890களில் பரப்பிய முறை, மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றியது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அதுவே சரியான சிகிச்சை என்று கொள்ளப்பட்டது. முடிவு சத்திரசிகிச்சை நிபுணருடையது. அதைக் கேட்பதற்கு மேசையில் வேறு யாரும் இல்லை.

இந்த நிலைப்பாட்டுக்கு ஒரு பலம் உண்டு. பொறுப்பு தெளிவாக இருந்தது. நோயாளிக்குத் தன் வைத்தியர் யார் என்று தெரிந்தது. பலவீனம் என்னவென்றால், ஒருவர் கையில் எந்தக் கருவி இருக்கிறதோ அதுவே எல்லா நோய்க்கும் விடையாகத் தோன்றியது. பேர்னாட் ஃபிஷர் தலைமையில் அமெரிக்காவிலும், உம்பேர்ட்டோ வெரோனேசி தலைமையில் இத்தாலியிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் 1980களில் வெளிவந்தபோது, கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர்பிழைப்பு குறைவதில்லை என்று தெரிந்தது. மார்பகத்தைக் காப்பது இப்படி இரு துறைகளின் கூட்டு வேலை ஆயிற்று. ஒருவர் மட்டும் முடிவெடுக்கும் முறைக்கு விழுந்த மிகப் பெரிய அடி அறிவியல் சான்றிலிருந்தே வந்தது.

தமிழ்நாட்டில் இதே திருப்பம் வேறு வழியில் நேர்ந்தது. டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தில் டொக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டொக்டர் சாந்தாவும் பணிபுரிந்தார்கள். அங்கே வந்த பெண்களில் பலர் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள். கத்தி மட்டும் போதாது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை அந்நிலையம் 1960களிலேயே கையாளத் தொடங்கியது. நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்படும் நாடுகளில் கூட்டுச் சிகிச்சைக்கான தேவை இன்னும் கூடுதல் என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது.

கூட்டம் விதியானது எப்படி

கூடிப் பேசும் வழக்கம் அமெரிக்க மருத்துவமனைகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இருந்தது. அப்போது அது பெரும்பாலும் கற்பித்தலுக்கானது. கடினமான நோயாளிகளைப் பற்றிப் பேசி இளம் வைத்தியர்கள் பாடம் கற்றார்கள். அதை எல்லா நோயாளிகளுக்கும் உரிய ஒழுங்காக மாற்றியது 1995இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெளிவந்த கால்மன்–ஹைன் அறிக்கை. ஒரே நோய்க்கு ஊருக்கு ஊர் வேறு சிகிச்சை, வேறு முடிவு என்ற நிலையே அந்த அறிக்கைக்குக் காரணம். எந்த ஊரில் பிறந்தாலும் ஒரே தரம் வேண்டும் என்ற நியாய உணர்வு அதன் அடியில் இருந்தது.

பிரான்ஸ் வேறு பாதையில் அங்கே வந்தது. 1998இல் அந்நாட்டுப் புற்றுநோய்ச் சங்கம் நோயாளிகளையே கூட்டிப் பேசவைத்தது. நோய்ச்செய்தி தங்களுக்குச் சொல்லப்பட்ட விதம் தங்களை எப்படி உடைத்தது என்று அவர்கள் சொன்னார்கள். 2003இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்த் திட்டம் பல்துறைக் கூட்டத்தை வலியுறுத்தியதோடு, நோயையும் சிகிச்சைத் திட்டத்தையும் நோயாளிக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே ஒரு முறையான ஏற்பாட்டையும் சேர்த்தது. இங்கிலாந்தின் கவலை தரத்தைப் பற்றியது. பிரான்ஸின் கவலையில் நோயாளிக்குச் சொல்லும் முறையும் சேர்ந்துகொண்டது. இந்த வேறுபாடு நமக்கு முக்கியமானது.

இலங்கைக்குப் பொருத்திப் பார்க்கையில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சில மேற்கு நாடுகளில் கதிர்வீச்சு கொடுப்பவரும் மருந்து கொடுப்பவரும் வெவ்வேறு நிபுணர்கள். இலங்கையில் புற்றுநோய் வைத்திய நிபுணர் இரண்டிலும் பயிற்சி பெற்றவர். ஆகவே அங்கே இருவர் வாதிடும் ஒரு கேள்வியை இங்கே ஒருவர் தன் மனத்துக்குள் வாதிடவேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக் கூட்டத்தின் அமைப்பை அப்படியே எடுத்து வைத்தால் சில இருக்கைகள் வெறுமையாகவே இருக்கும்.

உயிர் காக்கிறதா? சான்றுகளின் நிலை

ஆதரவாளர்கள் பெரிதும் சுட்டுவது ஸ்கொட்லாந்து ஆய்வை. கிளாஸ்கோ பகுதியில் 1995இல் மார்பகப் புற்றுநோய்க்குப் பல்துறைக் குழுக்கள் அமைந்தன; அண்டைப் பகுதிகளில் அப்போது அமையவில்லை. ஏறத்தாழ 13,700 பெண்களின் விவரங்களை ஒப்பிட்டு 2012இல் வெளிவந்த அந்த ஆய்வு, குழுக்கள் வந்த பிறகு கிளாஸ்கோவில் மார்பகப் புற்றுநோய் இறப்பு அண்டைப் பகுதிகளைவிட 18 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது.

மறுபக்கத்தில், அமெரிக்காவின் முன்னாள் படையினருக்கான 138 மருத்துவ நிலையங்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு, டியூமர் போர்ட் இருப்பதற்கும் சிகிச்சைத் தரத்துக்கும் உயிர்பிழைப்புக்கும் தெளிவான தொடர்பை அதிகம் காணவில்லை.

இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக முதற்பார்வையில் தோன்றும். ஆனால் இரண்டும் அளந்தது ஒரே பொருளையா என்பது ஐயம். கிளாஸ்கோவில் நிபுணத்துவமும் வழிகாட்டிகளும் சேர்ந்தே மாறின. கூட்டம் அந்த மாற்றத்தின் ஒரு பகுதி. அமெரிக்க ஆய்வு கூட்டம் இருக்கிறதா என்று கேட்டது. அது எப்படி நடக்கிறது என்று அதனால் அளக்க முடியவில்லை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கூட்டத்தை மறுப்பது இன்று நெறிமுறைக்கு ஒவ்வாது. ஆகவே இக்கேள்விக்கு இறுதியான சான்று கிடைக்க வாய்ப்புக் குறைவு. கூட்டத்தின்பின் நோயின் படிநிலையும் சிகிச்சைத் திட்டமும் கணிசமான நோயாளிகளுக்கு மாறுகின்றன என்பதைப் பல ஆய்வுகள் ஒப்புகின்றன. மாறிய திட்டம் எல்லாம் மேலான திட்டமா என்பது அடுத்த கேள்வி.

மேசையைச் சுற்றி என்ன நடக்கிறது

பலர் சேர்ந்தால் அறிவு கூடும் என்ற நம்பிக்கைக்குக் கணித வடிவம் கொடுத்தவர் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ, ஆண்டு 1785. ஆனால் அவருடைய தேற்றம் ஒவ்வொருவரும் தனித்துச் சிந்திக்கிறார் என்பதை முற்கோளாகக் கொண்டது. குழுவின் இணக்கத்துக்காக ஐயங்களை விழுங்கிவிடும் போக்கை 1972இல் உளவியலாளர் இர்விங் ஜானிஸ் விரிவாக எழுதினார். மருத்துவக் கூட்டங்களுக்கும் இது பொருந்துமா?

அவுஸ்திரேலியாவில் 18 பல்துறைக் கூட்டங்களில் பங்குகொண்ட 136 மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. கூட்டத்தின் முடிவோடு முக்கியமான ஒன்றில் ஏதோ ஒரு சமயம் தாங்கள் உடன்படவில்லை என்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சொன்னார்கள். அப்படி உடன்படாதவர்களில் பெரும்பாலானோர் அதை முறையாகப் பதிவு செய்யவில்லை. மூத்த நிபுணரை எதிர்த்துப் பேசுவது எளிதல்லாத நம்முடைய மருத்துவப் பண்பாட்டில் இந்த மௌனம் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

கூட்டங்களை நேரில் கவனித்த ஆய்வுகள் இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஸ்கான், நோயியல் அறிக்கை ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. நோயாளியின் விருப்பம், குடும்ப நிலை, மற்ற நோய்கள் குறைவாகவே பேசப்படுகின்றன. அவற்றை அதிகம் அறிந்த தாதியின் குரல் குறைவாகக் கேட்கிறது.

நேரமும் ஒரு தடை. பிரித்தானியாவில் நோயாளி ஒருவருக்குக் கிடைப்பது சராசரியாகச் சில நிமிடங்களே என்று 2017இல் வெளிவந்த அறிக்கை காட்டியது. எல்லோரையும் பற்றி எல்லோரும் பேசவேண்டும் என்ற விதி அங்கே தளர்த்தப்பட்டு, வழக்கமான நோயாளிகளுக்கு முன்னரே ஒப்புக்கொண்ட வழிகாட்டி, சிக்கலானவர்களுக்கு முழு விவாதம் என்ற பிரிப்பு 2020இல் பரிந்துரைக்கப்பட்டது. நிபுணர் தொகை குறைந்த வடக்குக்கு இந்தப் பிரிப்பு ஏற்றதாகத் தோன்றுகிறது. எவர் வழக்கமானவர், எவர் சிக்கலானவர் என்று பிரிப்பவர் தவறினால் கடினமான நோயாளி கூட்டத்துக்கே வராமல் போய்விடுவார் என்பது அதன் ஆபத்து.

இயந்திரத்தை மேசையில் அமர்த்தலாமா என்ற முயற்சியும் நடந்தது. பெங்களூரு மணிப்பால் மருத்துவமனையில் 638 மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு ஐபிஎம் நிறுவனத்தின் வாட்ஸன் தந்த பரிந்துரை, நிபுணர் குழுவின் முடிவோடு 93 விழுக்காடு ஒத்துப்போனதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. குழுவோடு ஒத்துப்போவது குழு சரி என்பதற்கோ இயந்திரம் சரி என்பதற்கோ சான்றாகாது. அந்நிறுவனம் தன் மருத்துவத் தரவுப் பிரிவை 2022இல் விற்றுவிட்டது.

பொறுப்பு யாருடையது

பாய்க்கப்பல் கட்டியும் ஓட்டியும் வாழ்ந்த ஊர் வல்வெட்டித்துறை. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிக் கப்பலாட்கள் சொல்வதைக் கேட்டாலும் கப்பலுக்குப் பொறுப்பு தண்டையலுடையது. பல்துறைக் கூட்டத்தைப் பற்றிய சட்ட விவாதம் கேட்பதும் இதையே: இங்கே தண்டையல் யார்?

கூட்டு முடிவு கூட்டுப் பொறுப்பு என்பது ஒரு நிலைப்பாடு. மேற்சொன்ன அவுஸ்திரேலிய ஆய்வில், கூட்டத்தின் முடிவுக்குத் தாம் தனிப்பட்ட முறையில் சட்டப் பொறுப்பாளி என்று நம்பியவர்கள் பாதிப்பேரும் இல்லை. பொதுச் சட்ட மரபு அதற்கு மாறாக, கூட்டம் என்ற ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. சிகிச்சை கொடுக்கும் ஒவ்வொரு மருத்துவரின் கவனக் கடமையையும் தனித்தனியே பார்க்கிறது. எல்லோரும் பொறுப்பு என்ற இடத்தில் நோயாளி கேள்வி கேட்க ஒருவரும் இல்லாமல் போவது சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து. பெயர் சொல்லக்கூடிய ஒரு வைத்தியர் வேண்டும் என்ற பழைய முறையின் பலத்தைக் கூட்டம் இழந்துவிடக் கூடாது.

நோயாளியும் வீட்டாரும்

முடிவு நோயாளியுடையது என்பது இன்று உலகெங்கும் வலுத்துவரும் நிலைப்பாடு. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015இல் மொண்ட்கொமரி வழக்கில், அந்த நோயாளியின் நிலையிலுள்ள ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அளவுகோல் மருத்துவரின் பார்வையிலிருந்து நோயாளியின் பார்வைக்கு மாறியது.

நம் சமூகத்தில் இதற்கு எதிரே நிற்பது குடும்பம். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம், மனம் உடைந்துவிடுவா என்று பிள்ளைகள் வைத்தியரைக் கேட்பது வழக்கம். அதை அறியாமை என்று ஒதுக்குவது சரியல்ல. பணம், துணை, சமையல், இரவு விழிப்பு எல்லாவற்றையும் தாங்குவது குடும்பமே. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகளின் குரலும் இப்போது அந்த முடிவுக்குள் வருகிறது. அறிக்கைகள் கைபேசியில் கடல் தாண்டிப் போய் இன்னொரு கருத்தோடு திரும்பிவருகின்றன. அன்பினால் வரும் அந்தக் குரல், பக்கத்தில் இருந்து பார்ப்பவரின் குரலையும் நோயாளியின் குரலையும் மூடிவிடவும் கூடும். தனிமனிதர் தனியாக முடிவெடுக்கிறார் என்ற கருத்தும், குடும்பமே நோயாளிக்காக முடிவெடுக்கலாம் என்ற கருத்தும் இந்த நிலையை முழுதாக விளக்கவில்லை. உறவுகளுக்குள் நின்றபடியே ஒருவர் தன் விருப்பத்தைச் சொல்ல இடம் வேண்டும் என்ற மூன்றாம் நிலைப்பாடு நமக்கு நெருக்கமானது. அந்த இடத்தை யார், எப்போது, எந்த அறையில் உருவாக்குவது என்பதில் அது இன்னும் தெளிவில்லாமல் இருக்கிறது.

நோயாளியைக் கேட்காத முடிவுக்கு விலை உண்டு. இங்கிலாந்தில் உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோயாளிகள் பற்றி 2006இல் வெளிவந்த ஆய்வொன்றில், கூட்டத்தின் முடிவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு நடைமுறைக்கு வரவில்லை. நோயாளியின் மற்ற நோய்களும் அவருடைய விருப்பமுமே முக்கிய காரணங்கள். இரண்டும் கூட்டத்துக்கு முன்னரே அறியக்கூடியவை.

வல்வெட்டித்துறையிலிருந்து பார்த்தால்

2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து பணம் திரட்டியவர்களின் முயற்சியால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. போருக்குப் பின்னான ஆண்டுகளில் தெற்கும் வடக்கும் சேர்ந்து செய்த பெரிய நற்செயல்களில் அது ஒன்று. மகரகமவுக்குப் போகவேண்டிய பலரின் பயணத்தை அது சுருக்கியது. ஆனாலும் தூரம் சிகிச்சை முடிவின் உள்ளேயே இருக்கிறது.

வாய்ப்புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். வெற்றிலை போடும் வழக்கத்தால் இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய் அது. சத்திரசிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு வேண்டுமென்றால் ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. அதற்கு முன் பழுதான பற்களைக் களையவேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் அழியலாம். விழுங்க முடியாத நாட்களுக்கு உணவுத் திட்டம் வேண்டும். பல் வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் புற்றுநோய் வைத்தியரும் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு கிளினிக் நாட்களில் இருந்தால் அந்த ஆறு வாரம் கடிதங்களிலேயே கரைந்துவிடும். கூட்டத்தின் முதற்பயன் இங்கே அறிவைவிட ஒழுங்கிலேயே இருக்கலாம்.

அந்தக் கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாளாக ஆறு, ஏழு வாரம் நீளும். காகிதத்தில் அது ஒரு வரி. வல்வெட்டித்துறையில் கடற்தொழில் செய்யும் ஒருவருக்கு அது முப்பதுக்கு மேற்பட்ட பயணங்கள், இழந்த அத்தனை நாள் உழைப்பு, கூடப் போக ஓர் ஆள். இடையில் நின்றால் சிகிச்சையின் பயன் குறையும். மார்பகப் புற்றுநோயில் இதே கணக்கு வேறு வடிவம் எடுக்கிறது. மார்பகத்தைக் காத்தால் கதிர்வீச்சு வேண்டும். பயணத்துக்கு அஞ்சி முழு மார்பகத்தையும் அகற்ற ஒரு பெண் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஐந்து வாரக் கதிர்வீச்சை மூன்று வாரமாகவும், பொருத்தமானவர்களுக்கு ஒரே வாரமாகவும் சுருக்கலாம் என்று பிரித்தானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு வார முறையின் ஐந்தாண்டு முடிவுகள் 2020இல் வந்தன. அவள் வீட்டு நிலை கூட்டத்தில் பேசப்பட்டால், அவள் மார்பகத்தை இழக்காமல் இருக்கவும் கூடும்.

இந்த வீட்டு நிலையை அறிந்தவர் பெரும்பாலும் ஊர் வைத்தியரும் குடும்பநலச் சுகாதார ஊழியருமே. அவர்களுக்கு மேசையில் இருக்கை இல்லை. தொலைத் தொடர்பு இதை மாற்றக்கூடும். 2012இல் தொடங்கிய இந்தியாவின் தேசியப் புற்றுநோய்ப் பின்னல் பல மருத்துவமனைகளை இணையவழிக் கூட்டங்களில் சேர்த்துள்ளது. நிபுணரிடம் நிபுணர் கருத்துக் கேட்கப் பயன்படும் அதே திரையில் மந்திகையிலிருந்தோ வல்வெட்டித்துறையிலிருந்தோ ஒருவர் பத்து நிமிடம் பேசுவதற்குத் தடை பெரும்பாலும் வழக்கமே.

நோய்த்தணிப்பு நிபுணரின் இருக்கையும் அப்படித்தான். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பைச் சேர்த்தபோது, வாழ்வின் தரம் உயர்ந்ததோடு அவர்கள் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்ததாக 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கண்டது. கைவிட்ட பிறகு அழைக்கவேண்டியவர் என்று அவரை எண்ணுவதற்கு அதன்பின் நியாயம் குறைவு.

மொழியும் இதில் சேர்கிறது. அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நோயாளியின் அச்சமும் கேள்வியும் தமிழில். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மருத்துவ அறிவைத் தமிழில் சொல்ல முடியும் என்பது இந்த மண்ணில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டது.

எஞ்சி நிற்பவை

ஒரு துறையின் கண்கொண்டு மட்டும் புற்றுநோயை அணுகுவது போதாது என்பது ஏறத்தாழ முடிந்த விவாதம். கூட்டம் உயிர்களைக் காக்கிறது என்பது சில இடங்களில், நன்றாக நடந்த கூட்டங்களில் நம்பத்தக்கது. எல்லா இடத்துக்கும் அதைப் பொதுவாக்கச் சான்று போதாது. எந்த நோயாளிக்கு முழு விவாதம் தேவை, மாறுபட்ட கருத்தை எப்படிப் பதிவு செய்வது, நிபுணர் குறைந்த மாவட்டத்தில் எத்தனை பேர் சேர்ந்தால் கூட்டம் எனலாம் என்பவை திறந்தே இருக்கின்றன. இவற்றுக்கு இலண்டனிலோ பொஸ்ரனிலோ கிடைத்த விடைகள் இங்கே தொடக்கப் புள்ளியாகலாம். யாழ்ப்பாணத்து நோயாளிகளைத் தொடர்ந்து பதிந்து பார்க்கும் உள்ளூர் ஆய்வே முடிவு சொல்லவேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. நோயாளியின் கிளினிக் கொப்பிக்குள் தமிழில் ஒரு பக்கம்: என்ன நோய், எந்த நிலை, கூடிப் பேசியவர்கள் எந்தச் சிகிச்சையை ஏன் சொன்னார்கள், வேறு என்ன வழி இருந்தது, சந்தேகம் வந்தால் கேட்கவேண்டிய வைத்தியரின் பெயர் என்ன. அதை எழுதத் தொடங்கினால், எழுதுபவர் நோயாளியிடம் கேட்காமல் விட்டவை தாமாகவே தெரியவரும். வாயில் புண்ணோடு வல்வெட்டித்துறையிலிருந்து பஸ் ஏறிய மனிதர், தன்னைப் பற்றி ஓர் அறையில் பேசப்பட்டதை அந்தப் பக்கத்தின் வழியாகவாவது அறிந்துகொள்வார்.